பெரியப்பாவுக்கு ஒன்றும் வேண்டாம்: அரை மணி நேர நகைச்சுவைத் தொடரை எழுதித் தயாரிப்பது எப்படி

நங்கநல்லூரில் நாங்கள் படப்பிடிப்புக்கு வாடகைக்கு எடுத்த வீட்டுக்கு மேலே அடிக்கடி விமானம் போகும். மீனம்பாக்கம் பக்கத்தில்தானே இருக்கிறது. நடிகர் வசனத்தைச் சரியாகச் சொல்லியிருப்பார், எதிரே இருப்பவர் சரியான நொடியில் திரும்பிப் பார்த்திருப்பார், யூனிட் முழுக்கச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கும். அந்த நேரம் பார்த்து ஒலிப்பதிவாளர் கையைத் தூக்குவார். திரும்ப எடுத்தால் அந்தப் பார்வை அப்படியே வராது. மூன்றாவது எபிசோடில் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். விமானச் சத்தம் கேட்டால் அந்த வீட்டு மனிதர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு, அது போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார்கள் என்று ஸ்கிரிப்டிலேயே எழுதினேன். சண்டைக்கு நடுவிலும் அப்படித்தான். நீட்டிய விரலை இறக்காமல் இருபது நொடி காத்திருந்து, அதே கோபத்தோடு மேலே தொடர்வார் கணவர். அந்தத் தொடரைப் பார்த்தவர்கள் இன்றும் என்னிடம் சொல்லிச் சிரிப்பது அதைத்தான்.

எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவளாக இருந்திருந்தால் இது எனக்குத் தோன்றியிருக்காது. வீணாகிற ஒவ்வொரு டேக்கும் சாயங்காலம் யூனிட் பேட்டாவாக, அதாவது ஆட்களின் தினப்படியாக, என் கணக்கில் ஏறும் என்று தெரிந்திருந்ததால்தான் தோன்றியது. தொலைக்காட்சி நகைச்சுவை எழுத விரும்பும் பிள்ளைகள் என்னிடம் வந்தால் முதலில் சொல்வது இதுதான்: ஸ்கிரிப்ட் நோட்டையும் கணக்கு நோட்டையும் ஒரே மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளர் வேறு ஒருவராக இருந்தாலும் அவருடைய கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

நான் வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தி.நகரில் ஒரு வங்கியில் கிளார்க். சனி, ஞாயிறுகளில் ஓர் அமெச்சூர் நாடகக் குழுவில் பிராம்ப்டர், மறந்த வசனத்துக்கு மறைவிலிருந்து அடி எடுத்துக் கொடுக்கும் ஆள். சென்னைத் தொலைக்காட்சி 1975-ல் தொடங்கியபோது அதற்கு நாடகம் கொடுக்கத் தயாராக இருந்தவர்கள் சபாக் குழுக்காரர்கள். செவ்வாய்க்கிழமை நாடகத்துக்குத் தெருவே காத்திருந்த காலம் அது. அந்த வழியாக நானும் 1988-ல் முதல் அரை மணி நேர நாடகத்தை எழுதினேன். 1999-ல் ஒரு தனியார் சேனலில் வாரம் ஒரு நாள் ஸ்லாட் எடுத்து 26 எபிசோட் நானே எழுதித் தயாரித்தேன். அது முடியும்வரை வங்கி வேலையை விடவில்லை. நீங்களும் அவசரப்பட்டு விடாதீர்கள். கிரேஸி மோகன் கிண்டியில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்து, சுந்தரம் கிளேட்டனில் வேலை பார்த்துக்கொண்டேதான் நாடகம் எழுதத் தொடங்கினார். மாதச் சம்பளம் இருக்கும்வரை பிடிக்காத திருத்தத்துக்கு 'முடியாது' என்று சொல்லும் தைரியம் இருக்கும்.

பிராம்ப்டராக இருந்தது எனக்குக் கிடைத்த பெரிய படிப்பு. கூட்டம் சிரிக்கும்போது அடி எடுத்துக் கொடுக்கக் கூடாது, நடிகர் காதில் விழாது. அதனால் எங்கே சிரிப்பார்கள், எவ்வளவு நேரம் சிரிப்பார்கள் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். மயிலாப்பூரானாலும் குரோம்பேட்டையானாலும் சிரிப்பு ஒரே இடத்தில்தான் வந்தது. அந்த இடங்களைப் பென்சிலால் குறித்துப் பார்த்தேன். சொல் விளையாட்டுக்கு வந்த சிரிப்பு சின்னது. 'இவர் இப்படித்தான் செய்வார் என்று எனக்குத் தெரியும்' என்று கூட்டம் உணர்ந்த இடத்தில் வந்த சிரிப்பு அடுத்த இரண்டு வசனத்தையும் சேர்த்து முழுங்கியது.

ஆளைப் பிடியுங்கள்

அதனால் கதை தேடாதீர்கள், ஆளைத் தேடுங்கள். உங்கள் வீட்டிலேயே இருப்பார். அவரைப் பற்றி எல்லோருக்கும் ஒரே குறை இருக்கும், அவருக்கு மட்டும் அது தெரியாது. என் தொடரின் பெரியப்பா அப்படிக் கிடைத்தவர். தனக்கு எந்தத் தேவையும் இல்லை, யாருக்கும் தன்னால் தொந்தரவு இல்லை என்று மனசார நம்புகிறவர். வீடே அவருக்காக ஓடிக்கொண்டிருக்கும். முதல் எபிசோடின் முதல் காட்சி இது:

பெரியப்பா: எனக்காக ஒண்ணும் பண்ண வேண்டாம்மா. நீங்க சாப்பிடறதுல ஒரு வாய் போதும்.
மருமகள்: இன்னிக்கு உப்புமாதான் பெரியப்பா.
பெரியப்பா: பேஷா போதும். ரவை உப்புமாவா, அரிசி உப்புமாவா?
மருமகள்: ரவை.
பெரியப்பா: ரவையே போதும். அரிசின்னா நீ உடைக்கணும், சலிக்கணும், உனக்குச் சிரமம்.
(பேப்பரைப் பிரிக்கிறார். ஒரு பக்கம் திருப்புகிறார்.)
பெரியப்பா: இப்ப உடைக்க ஆரம்பிச்சா எட்டரைக்குள்ள ஆயிடுமோ?

இதில் ஜோக் என்று தனியாக எடுத்துக் காட்ட ஒன்றும் இல்லை. அவர் கடைசிவரை எதையும் கேட்கவே இல்லை, அதுதான் இதன் பலம். ஒத்திகையில் அந்த நடிகர் கடைசி வரியில் லேசாகக் கண்ணடித்தார், காட்சி செத்துவிட்டது. தான் கேட்கிறோம் என்று பெரியப்பாவுக்குத் தெரிந்துவிட்டால் அவர் தந்திரக்காரர். தந்திரக்காரரை 26 வாரம் யாரும் வீட்டுக்குள் விட மாட்டார்கள். அவரிடம் நான் சொன்னது: "சார், நீங்க நிஜமாவே அவளுக்குச் சிரமம் வேண்டாம்னு நினைக்கிறீங்க." அதற்குப் பிறகு அவரை நான் திருத்த வேண்டி வரவில்லை.

அமெரிக்காவில் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் நார்மன் லியர் செய்ததும் ஏறக்குறைய இதுதான். பிரிட்டனில் ஓடிக்கொண்டிருந்த, அப்பாவும் மருமகனும் ஓயாமல் சண்டை போடும் ஒரு தொடரைப் பற்றி அறிந்ததும் அவருக்குத் தன் அப்பா நினைவுக்கு வந்தார். அம்மாவைப் பார்த்து 'வாயை அடக்கு' என்று அதட்டுகிற அப்பா. அந்த அதட்டலை அப்படியே தன் 'ஆல் இன் தி ஃபேமிலி' தொடரில் ஆர்ச்சி பங்கர் என்ற பாத்திரத்தின் வாயில் வைத்தார். பிரிட்டிஷ் தொடரின் அமைப்பை உரிமை வாங்கி எடுத்துக்கொண்டார், உயிரைத் தன் வீட்டிலிருந்து கொடுத்தார். நீங்களும் ஒரு தனி நோட்டு வைத்து, உங்கள் வீட்டு ஆள் சொல்லும் வாக்கியங்களைச் சொல் மாறாமல் எழுதுங்கள். சுருக்கி எழுதினால் பயன் இல்லை. 'பேஷா' என்கிற சொல் போனால் பெரியப்பாவே போய்விடுவார்.

அடுத்து, இவரை வைத்துக்கொண்டு மற்றவர்கள் ஏன் இன்னும் அந்த வீட்டில் இருக்கிறார்கள்? இதற்குப் பதில் இல்லாமல் எழுதத் தொடங்காதீர்கள். நாலாவது வாரம் பார்க்கிறவர்களே கேட்பார்கள். பாசம் என்று சொன்னால் போதாது. எங்கள் தொடரில் அந்த வாடகை வீட்டுக்குப் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்தவர் பெரியப்பா. "அதைப் பத்தி நினைக்கவே நினைக்காதே" என்று வாரம் ஒரு முறை சொல்வார். யாரும் யாரையும் விட்டுப் போக முடியாது. அந்த ஒரு அட்வான்ஸில் 26 கதையும் நின்றது.

ஒன்லைனில் 'அதனால்' இருக்கிறதா

ஒவ்வொரு எபிசோடுக்கும் முதலில் ஒரே வாக்கியம் எழுதுங்கள். அதில் 'அதனால்' வர வேண்டும். 'பெரியப்பாவுக்கு இருமல் வருகிறது, பிறகு டாக்டரிடம் போகிறார், பிறகு ஒரு நர்ஸ் வருகிறாள்' என்பது வெறும் வரிசை. நான் எழுதியது இப்படி: 'பெரியப்பா தனக்கு டாக்டர் வேண்டாம் என்கிறார், அதனால் வீட்டில் மற்ற எல்லோரும் டாக்டரிடம் போக வேண்டி வருகிறது.' எழுதி முடித்ததும் காட்சிகள் தாமாகவே வந்தன. "எனக்கென்ன, முதல்ல அவனைப் பார்க்கச் சொல்லு" என்று தம்பி மகனைக் காட்டுகிறார். அவனைச் சம்மதிக்க வைக்க மருமகளும் டெஸ்ட் எடுக்கிறாள். கடைசியில் அவனுக்குச் சர்க்கரை கூடாது, அவளுக்கு உப்பு கூடாது, பெரியப்பாவுக்கு ஒன்றுமே இல்லை. எல்லோரும் பத்தியச் சாப்பாட்டின் முன்னால் உட்கார்ந்திருக்க, "உங்களைப் பார்க்க மனசு கேக்கலை, நானும் சக்கரை இல்லாமலே குடிக்கிறேன்" என்பார். ஒரு வாய் குடித்துவிட்டு, "நாளைலேர்ந்து."

அரை மணி நேரம் என்பது விளம்பரமும் டைட்டிலும் போக 22 நிமிடம். ஐந்து அல்லது ஆறு காட்சிக்கு மேல் தாங்காது. பக்கத்தை இரண்டாக மடித்து, இடது பக்கம் கேமராவில் தெரிவது, வலது பக்கம் வசனமும் ஒலியும் என்று எழுதுவது தொலைக்காட்சிப் பழக்கம். பக்கக் கணக்கை நம்பாமல் கடிகாரத்தை வைத்துக்கொண்டு சத்தமாகப் படியுங்கள். படிப்பதற்கு 18 நிமிடம் ஆனால் போதும், மீதி நான்கு நிமிடத்தை நடப்பதும் உட்காருவதும் பார்ப்பதும் எடுத்துக்கொள்ளும். விளம்பர இடைவேளைக்கு முன்னால் ஒருவர் தப்பான முடிவு ஒன்றை எடுக்கட்டும். வெறும் அதிர்ச்சி முகத்தை மூன்று முறை காட்டுவதைவிட அது ஆளை உட்கார வைக்கும்.

பாத்திரங்களின் பெயர் பற்றியும் ஒரு சொல். மோகனின் நாடகங்களில் கதாநாயகன் பெரும்பாலும் மாது, கதாநாயகி ஜானகி. நாடகம் மாறினாலும் பெயர் மாறாது. திரை விலகியதும் கூட்டத்துக்கு மாதுவைத் தெரியும், அறிமுகத்தில் நேரம் போகாது. வாரத் தொடருக்கு இது இன்னும் பொருந்தும். ஏழாவது எபிசோடில் முதன்முறையாகப் பார்க்க உட்காருகிறவருக்கு முதல் நிமிடத்திலேயே ஆள் புரிய வேண்டும். முன்கதைச் சுருக்கம் போட்டு நகைச்சுவையைத் தொடங்கினால், அந்தச் சுருக்கத்திலேயே சிரிப்பு வடிந்துவிடும்.

கணக்கு நோட்டு சொல்லிக்கொடுப்பது

எங்கள் நடிகர்களில் பாதிப் பேர் அலுவலகத்துக்குப் போகிறவர்கள். கால்ஷீட் சனி, ஞாயிறு மட்டும், அதிலும் ஏழு மணிக்குச் சபாவில் நாடகம் இருந்தால் ஐந்து மணிக்கு விட்டாக வேண்டும். இரண்டு நாளில் ஒரு எபிசோட். அதனால் ஒரே காட்சியில் ஆறு பேரைச் சேர்த்து எழுதினால், யாராவது ஒருவர் வராவிட்டாலும் ஐந்து பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், லைட் வாடகை ஓடும். நான் காட்சிகளை இரண்டு இரண்டு பேராக எழுதப் பழகியது இதனால்தான். பழகிய பிறகுதான் தெரிந்தது, இரண்டு பேர் இருந்தால் ஒருவர் பேச்சுக்கு மற்றவர் முகம் இருக்கிறது. ஆறு பேர் இருந்தால் எல்லோரும் முறை வைத்து வசனம் சொல்வார்கள். எல்லோரையும் சேர்க்கும் காட்சி எபிசோடுக்கு ஒன்று போதும். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் வேலையாக அதை எடுத்துவிடுங்கள்.

டாக்டர் எபிசோடுக்கு ஆஸ்பத்திரி கேட்டு அலையவில்லை. வீட்டு முன்னறையில் ஒரு பெஞ்சு, சுவரில் ஒரு காலண்டர், டோக்கன் நம்பர் எழுதிய அட்டைகள். டாக்டர் திரைக்குப் பின்னால் குரலாக மட்டும் இருந்தார். காத்திருப்பவர்கள் முகம்தானே நமக்கு வேண்டும்? மாடியில் இருக்கும் வீட்டுக்காரரையும் 26 வாரமும் காட்டவே இல்லை. அவர் நாற்காலியை நகர்த்தும் சத்தம் வந்தால் கீழே எல்லோரும் குரலைத் தாழ்த்துவார்கள். ஒரு நடிகரின் சம்பளம் மிச்சம், வீட்டுக்காரரோ நாம் காட்டியிருக்கக்கூடிய எந்த முகத்தைவிடவும் பெரியவராக ஆகிவிட்டார்.

தூர்தர்ஷனில் 1984-ல் வந்த 'யே ஜோ ஹை ஜிந்தகி' தொடரைக் கிடைத்தால் பாருங்கள். எழுதியவர் இந்தி நையாண்டி எழுத்தாளர் சரத் ஜோஷி. கணவன், மனைவி, மைத்துனன் என்று ஒரு சின்ன வீடு. அதற்குள் சதீஷ் ஷா ஒவ்வொரு வாரமும் வேறொரு ஆளாக வந்து நிற்பார். வாரம் ஒரு புது விருந்தாளி நடிகரைத் தேடிப் பிடித்துப் பழக்குகிற வேலை இல்லை. இந்த வாரம் யாராக வரப்போகிறார் என்ற ஆவலே பார்க்கிறவர்களை இழுத்தது. கையில் ஒரு நல்ல நடிகர் இருந்தால் இதை இன்றும் செய்யலாம்.

சிரிப்பொலி வேண்டுமா

மேடை நடிகர்கள் சிரிப்புக்காகக் காத்திருந்து பழகியவர்கள். வசனம் சொல்லிவிட்டு அரை நொடி நிற்பார்கள். அங்கே கூட்டம் அந்த இடத்தை நிரப்பும், படப்பிடிப்பில் அங்கே மின்விசிறிச் சத்தம்தான் இருக்கும். எங்கள் முதல் இரண்டு எபிசோட் இதனாலேயே இழுவையாக இருந்தன. எடிட்டிங்கில் அந்த அரை நொடிகளை எடுத்ததும் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் குறைந்துவிட்டது, இரண்டு எபிசோடிலும் நிரப்பக் காட்சி இல்லாமல் திண்டாடினோம். அப்புறம் ஒத்திகையிலேயே பதிலை முந்தைய வசனத்தின் கடைசிச் சொல்லோடு ஒட்டிச் சொல்லப் பழக்கினேன்.

சேனலில் சிரிப்பொலி சேர்க்கச் சொல்வார்கள். அது பழைய வழக்கம். 1950-களில் அமெரிக்காவில் சார்லி டக்ளஸ் என்ற ஒலிப்பொறியாளர் வகைவகையான சிரிப்பைப் பதிந்து, விசையைத் தட்டினால் வருமாறு ஒரு பெட்டியே செய்தார். லியர் தன் தொடருக்கு நிஜப் பார்வையாளர்களை உட்கார வைத்துத்தான் பதிவு செய்தார். என் கருத்தைக் கேட்டால், இரண்டில் ஒன்று: ஆட்களை உட்கார வையுங்கள், இல்லையென்றால் ஒலி இல்லாமல் விடுங்கள். டேப்பில் சிரிக்கிறவருக்குப் பெரியப்பாவைத் தெரியாது. எல்லா வரிக்கும் ஒரே அளவில் சிரிப்பார். அதைக் கேட்டு வீட்டில் இருப்பவர் தன் சிரிப்பை நிறுத்திக்கொள்வார்.

அதற்குப் பதிலாக நான் செய்தது, வியாழக்கிழமை இரவு எங்கள் குடியிருப்பில் நாலைந்து பேரைக் கூப்பிட்டுக் காபி கொடுத்து ஸ்கிரிப்டை வாசிப்பது. நடிக்காமல், சமமான குரலில். சிரித்த இடத்தில் ஒரு டிக். மொபைலை, அப்போதென்றால் கடிகாரத்தை, பார்த்த இடத்தில் ஒரு கோடு. கோடு விழுந்த பக்கத்தை வெள்ளிக்கிழமை இரவு திரும்ப எழுதுவேன். பிடித்திருந்ததா என்று அவர்களைக் கேட்காதீர்கள், உங்களுக்காகப் பிடித்தது என்பார்கள்.

பைலட், சேனல், உரிமை

நாங்கள் ஸ்லாட்டுக்குச் சேனலிடம் பணம் கட்டி, விளம்பர நொடிகளை நாங்களே விற்ற காலம். இப்போது சேனலோ ஓடிடியோ பணம் கொடுத்து எடுக்கச் சொல்வது அதிகம், யூடியூபில் நேரடியாகப் போடவும் வழி இருக்கிறது. எதுவானாலும் கேட்கப்போவது ஒரு பைலட், அதாவது மாதிரிக்கு எடுத்துக் காட்டும் முதல் எபிசோட். கொண்டுபோக வேண்டியது ஒரு பக்க விவரம், பாத்திரத்துக்கு நாலு வரி, பத்து ஒன்லைன், ஒரு முழு ஸ்கிரிப்ட். அதற்கு மேல் யாரும் படிப்பதில்லை.

திருப்பி அனுப்பினால் உடைந்துபோக வேண்டாம். லியர் தன் பைலட்டை 1968-லும் 1969-லும் ஏபிசி தொலைக்காட்சி நிறுவனத்துக்காக எடுத்தார், இரண்டு முறையும் வேண்டாம் என்றார்கள். இன்னொரு நிறுவனமான சிபிஎஸ் எடுத்துக்கொண்டு 1971 ஜனவரி 12-ல் 'ஆல் இன் தி ஃபேமிலி' என்று ஒளிபரப்பியது. பிறகு ஐந்து ஆண்டு தொடர்ந்து அமெரிக்காவில் முதலிடம். மூன்று பதிவிலும் ஏறக்குறைய அதே ஸ்கிரிப்ட், ஆர்ச்சியாக கேரல் ஓகானர், மனைவியாக ஜீன் ஸ்டேபிள்டன். மாறியது மகளும் மருமகனும். எதைப் பிடித்துக்கொள்வது, எதை விட்டுக்கொடுப்பது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. என் பைலட்டைப் பார்த்தவர்கள் பெரியப்பாவை நாற்பது வயது ஆளாக மாற்றச் சொன்னார்கள். அதை மறுத்தேன். மருமகளுக்கு ஒரு தங்கை வேண்டும் என்றார்கள். சரி என்று சேர்த்தேன், நன்றாகவே அமைந்தது.

உரிமை விஷயத்தில் மட்டும் நான் தவறிவிட்டேன். இரண்டு பக்க ஒப்பந்தத்தை மேசையில் நின்றபடியே படித்துக் கையெழுத்துப் போட்டேன். தொடர் முடிந்து சில ஆண்டு கழித்து, என் 26 எபிசோடின் பீட்டாகேம் டேப்புகளை, அந்தக் கால ஒளிபரப்பு வீடியோ டேப்புகளை, கேட்டுப் போனேன். அந்த டேப்புகளில் வேறு நிகழ்ச்சிகளைப் பதிந்துவிட்டார்கள். என்னிடம் பிரதி இல்லை. பெரியப்பாவாக நடித்தவர் இப்போது உயிரோடு இல்லை, அவருடைய பேரனுக்குக் காட்ட என்னிடம் ஒரு நிமிடக் காட்சிகூட இல்லை.

நீங்கள் அப்படி விட்டுவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு, எந்தெந்த நாடு, எந்தெந்த ஊடகம் என்று மூன்றும் தெளிவாக இருக்கட்டும். நம் பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தில் 19-வது பிரிவு, காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் ஐந்து ஆண்டுக்கு மட்டும் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சொல்கிறது. 'நிரந்தரமாக, உலகம் முழுவதும்' என்ற சொற்கள் கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்தி, ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லி எழுந்து வாருங்கள். அமெரிக்க நடிகத் தம்பதி லூசில் பாலும் டெசி ஆர்னாஸும் 1951-ல் தங்கள் 'ஐ லவ் லூசி' தொடரைப் பார்வையாளர்கள் முன்னால் மூன்று கேமரா வைத்து ஃபிலிமில் எடுக்க விரும்பினார்கள். செலவு அதிகம் என்று தயங்கியவர்களிடம் தங்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, அந்த ஃபிலிம்களின் உரிமையைக் கேட்டு வாங்கினார்கள். மறுஒளிபரப்பில் அதன் மதிப்பு எவ்வளவு பெரியது என்று பிறகு எல்லோருக்கும் தெரிந்தது. சம்பளம் பேசும்போது நீங்களும் இந்த வழியை நினைத்துப் பாருங்கள்.

ஒரு எபிசோட் எடிட் முடிந்த அன்றே முழுப் பிரதியை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, ஒன்றை வேறொருவர் வீட்டில் வையுங்கள். கூடவே படப்பிடிப்பில் மாறிய வசனங்களை ஸ்கிரிப்டில் ஏற்றி, காட்சி எவ்வளவு நிமிடம் வந்தது என்று ஓரத்தில் எழுதுங்கள். என்னிடம் மிஞ்சியது அந்த நோட்டுகள்தான். டாக்டர் எபிசோடின் கடைசிப் பக்கத்தில் 'நாளைலேர்ந்து' என்ற சொல்லுக்கு எதிரே ஐந்து டிக் இருக்கிறது, வியாழக்கிழமை வந்த ஐந்து பேரும் சிரித்தது. அதற்குக் கீழே என் கையெழுத்தில், 'சார் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார், நான் எழுதியதைவிட நன்றாக இருந்தது, 4 நொடி, விமானம் வரவில்லை.'